முதல் மடக்குக் கத்தி: சிங்கப்பூரில் வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

இணையத்தில் வாங்கிய பொருள் வாசலுக்கு வந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டும். தேக்காவில் வாங்கிய வாழையிலைக் கட்டின் கயிற்றை அறுக்க வேண்டும். பிடோக் படகுத்துறையில் தூண்டில் நரம்பை வெட்ட வேண்டும், தாழ்வாரத் தொட்டியில் கறிவேப்பிலைக் கொப்பைக் கழிக்க வேண்டும். இத்தனைக்கும் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்ன மடக்குக் கத்தி போதும். ஆனால் முதன்முதலாக வாங்குபவர் பெரும்பாலும் இதைவிட இரண்டு மடங்கு பெரிய, கனத்த, கறுப்பு வண்ணம் பூசிய ஒன்றை வாங்கிவிடுகிறார். அது இழுப்பறைக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது, பெட்டியைப் பிரிக்கப் பழையபடி சாவியைத்தான் தேடுகிறார். சரியான கத்தியை முதல் தடவையே வாங்குவது எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

கடைக்குப் போகுமுன்: சட்டம்

‘தினமும் சட்டைப்பையில் கத்தி’ என்ற பழக்கம் வேறு நாடுகளில் வளர்ந்தது. அந்த நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே அப்படியே செய்யக் கூடாது. சிங்கப்பூரில் பொது இடத்தில் தகுந்த காரணமில்லாமல் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். சிறையும் பிரம்படியும் கிடைக்கக்கூடிய குற்றம் அது. “அலகு இத்தனை செண்டிமீட்டர் வரை இருந்தால் கவலையில்லை” என்று நம்பி நிற்க ஓர் அளவுக்கோடு கிடையாது. கத்தி ஏன் உங்களிடம் இருக்கிறது, எங்கே, எந்த நேரத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. “தற்காப்புக்கு” என்று பதில் சொன்னால் அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

அதனால் எங்கள் பரிந்துரை ஒன்றுதான்: கத்தியை ஆளோடு வைக்காதீர்கள், வேலையோடு வையுங்கள். தூண்டில் பெட்டியில் ஒன்று, கருவிப் பெட்டியில் ஒன்று, வீட்டு இழுப்பறையில் ஒன்று. புலாவ் உபினில் கூடாரம் போடப் போகிறீர்களா? கத்தி முகாம் சாமான்களோடு பையின் அடியில் மூடிய நிலையில் இருக்கட்டும், வீடு திரும்பியதும் இழுப்பறைக்குப் போகட்டும். வெள்ளிக்கிழமை இரவு நண்பர்களோடு சாப்பிடப் போகும்போது கால்சட்டைப் பையில் அதற்கு எந்த வேலையும் இல்லை. எம்ஆர்டி நிலையங்களில் பை சோதனை உண்டு. பெரிய விளையாட்டு, இசை நிகழ்ச்சிகளின் நுழைவாயிலிலும் உண்டு. விமானப் பயணமென்றால் ஒப்படைக்கும் பெட்டிக்குள் மட்டும்தான் வைக்க வேண்டும். கைப்பையில் மறந்து வைத்தால் சாங்கியிலேயே அதைப் பறிகொடுப்பீர்கள்.

விசையை அழுத்தியதும் தானாகப் பாய்ந்து திறக்கும் கத்தி, இரண்டு கைப்பிடி சுழலும் பட்டாம்பூச்சிக் கத்தி ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள். வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து தருவிப்பதோ, ஜொகூரிலிருந்து உட்லண்ட்ஸ் வழியாகக் கொண்டுவருவதோ வில்லங்கத்தில்தான் முடியும். சாதாரண மடக்குக் கத்தியைக்கூட உள்ளூர்க் கடையில் வாங்குவதே நல்லது. கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம் என்பது கூடுதல் லாபம்.

தினமும் பையில் ஏதாவது ஒரு கருவி இருந்தே ஆக வேண்டும் என்பவர்கள் அலகே இல்லாத ஒன்றை வைத்துக்கொள்ளலாம். விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் ‘ஜெட்செட்டர்’ அப்படிப்பட்டது. கத்தரிக்கோல் உண்டு, கத்தி கிடையாது. பொட்டலத்தின் ஒட்டுநாடாவைப் பிரிக்க அந்தக் கத்தரிக்கோலின் ஒற்றை வாயே போதும்.

எதை வெட்டப் போகிறீர்கள்?

ஒரு தாளில் கடந்த மாதம் கத்தி தேவைப்பட்ட வேலைகளை எழுதுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வாழும் பெரும்பாலோருக்கு அந்தப் பட்டியல் இப்படித்தான் இருக்கும்: அட்டைப் பெட்டி, ஒட்டுநாடா, நெகிழிக் கட்டு, கயிறு, பழம், செடி. இவை எதற்கும் 7 செண்டிமீட்டரைத் தாண்டிய அலகு வேண்டாம். பெட்டிகளுக்கு மட்டும் என்றால் 4 செ.மீ. போதும், மாம்பழம், ஆப்பிள் நறுக்க வேண்டுமென்றால் 6 முதல் 7 செ.மீ. வசதி.

டுரியானை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். டுரியான் ஓட்டைப் பிளக்கும்போது கத்தியை முனையால் குத்தி நெம்ப வேண்டும். மடக்குக் கத்தி எதுவானாலும் அதன் பலவீனமே மூட்டுதான். நெம்பினால் மூட்டின் ஆணி வளையும், இல்லையென்றால் முனை உடையும், இரண்டும் இல்லையென்றால் கத்தி விரல்மேல் மடங்கும். டுரியானுக்குத் தடித்த, மடங்காத கத்தியும் கனத்த கையுறையும் வேண்டும். இளநீர், கோழி எலும்பு, உறைந்த இறைச்சி ஆகியவற்றுக்கும் இதே விதி.

கடையில் நாள் முழுதும் பெட்டி பிரிப்பவர்களுக்கும் ஒரு சொல். உங்களுக்கு மடக்குக் கத்தியே வேண்டாம். அலகை ஒடித்து மாற்றும் கட்டர் மலிவு, சாணை பிடிக்கும் வேலையும் இல்லை.

அலகின் வடிவமும் தடிமனும்

அலகின் வாய் (வெட்டும் விளிம்பு) நேராக இருந்து, முதுகு முனையில் சரிந்து இறங்கினால் அது ஆட்டுக்குளம்பு வடிவம். முனை குத்தாது, பெட்டிக்குள் இருக்கும் சட்டையைக் கிழிக்காது, பார்ப்பவரையும் மிரட்டாது. பொட்டலங்களுக்கு இதைவிட நல்ல வடிவம் இல்லை. பழமும் காயும் நறுக்குவதானால் வாய் சற்று வளைந்து, முனை நடுவுக்கு இறங்கிய அலகு நல்லது. பற்கள் வைத்த அலகு நனைந்த கயிற்றுக்கு அருமை; ஆனால் வீட்டில் சாணை பிடிப்பது கடினம். முதல் கத்திக்கு அது வேண்டாம்.

பலர் கவனிக்காமல் விடுவது தடிமனை. முதுகு 3.5 மி.மீ. தடிமனுள்ள கத்தி ஆப்பிளை வெட்டாது, ஆப்பு வைத்ததுபோல் பிளக்கும். 2 முதல் 2.5 மி.மீ. இருந்தால் வெண்ணெயில் போவதுபோல் போகும். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து முதுகைப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ‘கனமாக இருந்தால் உறுதி’ என்ற எண்ணத்தை இந்த விஷயத்தில் விட்டுவிடுங்கள்.

தாழ் வேண்டுமா, வேண்டாமா?

மடக்குக் கத்திகளை இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். ஒன்றில் தாழ் கிடையாது. கைப்பிடியின் முதுகில் இருக்கும் வில்தகடு அலகின் அடிக்கட்டையை அழுத்திக்கொண்டே இருக்கும். திறந்தாலும் மூடினாலும் ‘டக்’கென்று நிற்கும், ஆனால் போதிய விசையோடு தள்ளினால் மடங்கிவிடும். நம் வீட்டுப் பெரியவர்கள் பேனாக்கத்தி என்று சொன்னது இதைத்தான். மற்றக் குடும்பத்தில் அலகு முழுதாகத் திறந்ததும் ஏதோ ஒன்று குறுக்கே வந்து நின்று, நீங்கள் விடுவிக்கும்வரை மடங்க விடாது.

தாழ்களிலும் வகை உண்டு. உள்தகட்டுத் தாழில், கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகட்டின் ஒரு பகுதி வளைந்து வந்து அலகின் பின்னால் நிற்கும். மூட வேண்டுமென்றால் அதைக் கட்டைவிரலால் ஒதுக்கித் தள்ள வேண்டும். அந்த நேரம் விரல் அலகின் பாதையிலேயே இருக்கும்; புதியவர்கள் வெட்டிக்கொள்வது இங்கேதான். முதுகுத் தாழில், கைப்பிடியின் முதுகில் உள்ள நெம்பை அழுத்தினால் அலகு விடுபடும். விரல்கள் பாதையில் வருவதில்லை. வளையத் தாழ் மூன்றாவது. பிரான்சின் சவோய் பகுதியில் 1890இல் தொடங்கிய ஒப்பினெல் கத்திக்கு 1955இல் சேர்த்தது அந்த வளையம். மூட்டைச் சுற்றியுள்ள உலோக வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். எளிமையான ஏற்பாடு, ஆனால் ஒவ்வொரு முறையும் நீங்களாகத் திருக வேண்டும். மறந்தால் தாழ் இல்லாத கத்திதான்.

சிங்கப்பூரில் முதல் கத்தி வாங்குபவருக்கு நாங்கள் சொல்வது தாழ் இல்லாத வகை. காரணம் இதுதான்: தாழ் இல்லாத கத்தி சரியான பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கும். வாய்ப்பக்கமாக அழுத்தி இழுத்து வெட்டும்போது விசை அலகைத் திறக்கும் பக்கமே தள்ளுகிறது. கத்தி மடங்க வழியில்லை. முனையால் குத்தும்போதும், சிக்கிய அலகை ஆட்டி உருவும்போதும்தான் விசை முதுகுப்பக்கம் திரும்பி மடக்குகிறது. ஆகவே குத்தாதீர்கள், ஆட்டி உருவாதீர்கள். இந்த இரண்டும் கைக்குப் பழகிவிட்டால், பிறகு எந்தத் தாழ் வைத்த கத்தியைப் பிடித்தாலும் விரல் பத்திரம்.

எஃகு: நம் ஊர்க் காற்றுக்கு எது தாங்கும்?

இங்கே சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். கை வியர்வையில் உப்பு. குளிரூட்டிய அறையில் குளிர்ந்த கத்தியை வெளியே கொண்டுவந்தால் அதன்மேல் நீர் படியும், உங்கள் மூக்குக்கண்ணாடியில் படிவதுபோலவே. குளிர்நாடுகளில் எழுதப்படும் எஃகு விமர்சனங்களில் இது எதுவும் கணக்கில் வராது.

எஃகில் குரோமியம் கூடினால் துரு குறையும் என்பது பொதுவிதி. ஆனால் மொத்தக் குரோமியத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். டி2 என்ற எஃகை எடுத்துக்கொள்ளுங்கள். மலிவான கத்திகளில் நிறையப் பயன்படுவது. அதில் குரோமியம் ஏறக்குறைய 12 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கரிமம் 1.5 விழுக்காடு, அந்தக் கரிமம் குரோமியத்தின் ஒரு பங்கைப் பிடித்துக் கடினத் துகள்களாகக் கட்டிவிடுகிறது. துருவைத் தடுக்க மிஞ்சும் குரோமியம் குறைவு. கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் வியர்த்த கையோடு இரண்டு நாள் விட்டால் பழுப்புப் புள்ளி வந்துவிடும். சுவீடனின் 14சி28என் எஃகில் குரோமியம் 14 விழுக்காடு, கரிமம் 0.6 அளவுதான், கூடவே கொஞ்சம் நைட்ரஜன். துருத் தாங்கும், நுண்ணிய கூர் ஏறும், கல்லில் எளிதாகத் தீட்டலாம். விலையும் கட்டுப்படியாகும். இங்கே புழங்க எங்களுக்குப் பிடித்தது இதுதான்.

சுவிஸ் கத்திகளின் எஃகு மென்மையானது, ராக்வெல் என்ற கடினத்தன்மை அளவில் 56ஐ ஒட்டி. கூர் சீக்கிரம் மழுங்கும். ஆனால் ஐந்து நிமிடத்தில் திரும்ப ஏற்றிவிடலாம், துருவும் அரிது. கடலில் மீன் பிடிப்பவர்கள் எச்1 அல்லது எல்சி200என் எஃகைத் தேடுங்கள். இரண்டிலும் கரிமம் குறைவு என்பதால் உப்புநீர் அவற்றை அசைப்பதில்லை. குரோமியம் சேராத வெறும் கரிம எஃகில் செய்த ஒப்பினெல், ஜப்பானிய ஹிகொனொகாமி ஆகியவை அழகானவை, கூர்மையில் நிகரில்லாதவை. வெட்டிய கையோடு துடைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கே அவை உகந்தவை. எலுமிச்சையோ மாங்காயோ வெட்டினால் சில நிமிடத்தில் அலகு கறுக்கும்.

கைப்பிடி

வியர்த்த கையில் வழுக்கக் கூடாது, அவ்வளவுதான். வரிவரியான அலுமினியத் தகடு, சொரசொரப்பான கண்ணாடியிழைப் பலகை இரண்டும் நல்லவை. மர கைப்பிடிக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல்: காற்றின் ஈரத்தைக் குடித்து மரம் உப்பும், மூட்டு இறுகி அலகு திறக்க மறுக்கும். ஒப்பினெல் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இதைச் சந்திப்பார்கள். நகம் உடையும்வரை இழுக்காதீர்கள். வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, கைப்பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் மெல்லத் தட்டினால் அலகு சற்றே வெளியே நீட்டும், பிடித்துத் திறந்துகொள்ளலாம். சவோய்க்காரர்களின் பழைய வழக்கம் இது.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

பீச் ரோடு கோல்டன் மைல் உணவங்காடி நிலையத்தின் மாடியில் உள்ள இராணுவச் சாமான் கடைகள், முகாம் பொருள் விற்கும் கடைகள், பேரங்காடியில் கடிகாரத்தோடு சுவிஸ் கத்தியும் விற்கும் கடைகள் என எங்கே போனாலும், கடைக்காரரிடம் கேட்டுக் கத்தியைக் கையில் வாங்கி இந்த வரிசையில் பாருங்கள்:

1. மூடிய கத்தியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். அலகு இரண்டு தகட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் வேண்டாம்.

2. பத்து முறை திறந்து மூடுங்கள். கட்டைவிரல் நகம் வலித்தால் வில் மிக இறுக்கம். ஆறு மாதத்தில் தளரும் என்று யார் சொன்னாலும் நம்பி வாங்காதீர்கள்.

3. திறந்த அலகை முதுகில் பிடித்து, முதலில் இடவலமாகவும் பிறகு மேல்கீழாகவும் அசைத்துப் பாருங்கள். இடவலமாகச் சிறிது ஆட்டம் இருந்தால், மூட்டில் திருகு இருக்கும் கத்தியில் இறுக்கிவிடலாம். தறைந்த ஆணி என்றால் முடியாது. மேல்கீழாக ஆடினால் உடனே வைத்துவிடுங்கள்.

4. தாழ் உள்ள கத்தியென்றால், அலகின் பாதையில் விரல் இல்லாதபடி பக்கவாட்டில் பிடித்து, அலகின் முதுகை ஒரு தடித்த புத்தகத்தில் லேசாகத் தட்டுங்கள். தாழ் நழுவினால் அது தாழே அல்ல.

5. நான்கு விரலும் கைப்பிடியில் உட்காருகின்றனவா? மூன்று விரல் உட்கார்ந்தாலும் சின்னக் கத்திக்குப் போதும். இரண்டுதான் என்றால் அது பெட்டி பிரிக்க மட்டும்.

6. இடது கைக்காரர்கள் இடது கையாலேயே எல்லாவற்றையும் செய்து பாருங்கள். பல உள்தகட்டுத் தாழ்களும் கிளிப்புகளும் வலது கைக்கென்றே செய்தவை.

விலையைப் பொறுத்தவரை, முதல் கத்திக்கு 30 முதல் 70 வெள்ளிக்குள் நல்லது அமையும். அதற்குமேல் கொடுப்பது கூடுதல் கூருக்காக அல்ல, அருமையான எஃகுக்கும் வேலைப்பாட்டுக்கும்.

குறிப்பாக ஒன்றைச் சொல்லுங்கள் என்றால்: விக்டோரினாக்ஸ் ‘கேடட்’. மூடினால் 84 மி.மீ., அலுமினியக் கைப்பிடி, தாழ் இல்லை, அலகு 6 செ.மீ.க்குச் சற்றே மேல், கூடவே டின் திறப்பானும் புட்டி திறப்பானும். வீட்டுக்கு மட்டும் என்றால் அதே நிறுவனத்தின் 58 மி.மீ. ‘கிளாசிக்’ இன்னும் சிறியது. அதன் கத்தரிக்கோலுக்காகவே வாங்கலாம். பழம் நறுக்க, முகாமில் சமைக்க, அலகு ஏறக்குறைய 7 செ.மீ. உள்ள ஒப்பினெல் 6ஆம் எண், துருப்பிடிக்காத எஃகில். 8ஆம் எண்ணின் அலகு 8.5 செ.மீ.; இங்கே அவ்வளவு நீளம் தேவைப்படாது.

முதல் வாரம்

புதுக் கத்தியில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, நீருக்குள்ளேயே நான்கைந்து முறை திறந்து மூடிக் கழுவுங்கள். மர கைப்பிடியை மட்டும் நீரில் அமிழ்த்தாமல் ஈரத்துணியால் துடையுங்கள். துடைத்தபின் மின்விசிறிக்கு எதிரே ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். மூட்டுக்குள் ஒளிந்திருக்கும் நீர்தான் துருவின் விதை. காய்ந்ததும் மூட்டில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். மருந்துக்கடையில் கிடைக்கும் பாரஃபின் எண்ணெய் சிறந்தது, பழம் வெட்டினாலும் கெடுதலில்லை. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ விடாதீர்கள். சமையல் எண்ணெய் சில வாரங்களில் சிக்கு வாடை வீசிப் பிசினாக இறுகும். அதில் தூசி ஒட்டி மூட்டு அரைபடும்.

தோலுறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரம் பிடிக்கும், இந்த ஊரில் பூஞ்சையும் பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றுடன் மூடியுள்ள டப்பாவில் வைக்கலாம். ஆயுத பூசையன்று கத்திக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கும் வீடுகளில், பூசை எடுத்ததும் மறக்காமல் துடைத்து எண்ணெய் இடுங்கள். ஈரச் சந்தனத்தை அப்படியே காய விட்டால் பொட்டு வைத்த இடத்திலேயே துருப்புள்ளி வந்து நிற்கும்.

இன்னொருவருக்குக் கொடுக்கும்போது மூடிக் கொடுங்கள். கத்தியைக் கையில் கொடுக்காதே, கீழே வை, அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று பாட்டிமார் சொல்வார்கள். சண்டை வருமோ வராதோ, விரல் வெட்டுப்படாது.

சாணை பிடித்தல்

1000 எண் கொண்ட ஒரு சாணைக்கல் போதும். சுழலும் சக்கர வகை, இழுத்துத் தீட்டும் V வடிவக் கருவி இரண்டும் அலகைச் சுரண்டித் தின்றுவிடும்.

கல்லை நனைத்து, அடியில் ஈரத்துணி விரித்து நகராமல் வையுங்கள். அலகின் வாயில் மார்க்கர் மை பூசுங்கள். இனிக் கோணம். அலகின் அகலத்தை அடிக்கோலால் அளந்து, அதில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் ஏறக்குறைய 20 பாகை. நான்கில் ஒரு பங்கென்றால் 15 பாகைக்குச் சற்றே குறைவு. 12 மி.மீ. அகல அலகுக்கு 4 மி.மீ. உயர்த்தினால் 20 பாகை. நாணயங்களை 4 மி.மீ. உயரத்துக்கு அடுக்கி, அலகின் முதுகை அதன்மேல் சாய்த்து அந்த உயரத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

அடியிலிருந்து முனைவரை, கல்லிலிருந்து மெல்லிய சீவல் எடுப்பதுபோல் முன்னோக்கித் தள்ளுங்கள். ஐந்து தள்ளலுக்குப்பின் மையைப் பாருங்கள். மை வாயோரத்தில் மட்டும் மிஞ்சியிருந்தால் முதுகைத் தாழ்வாகப் பிடித்திருக்கிறீர்கள். வாயோரத்தில் அழிந்து மேலே இருந்தால் உயரமாக. ஒரே பக்கம் தீட்டிக்கொண்டே போனால் மறுபக்க வாயில் பிசிறு எழும். விரலை வாய்க்குக் குறுக்காக, முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவினால் தட்டுப்படும். வாயின் நீளவாக்கில் ஒருபோதும் தடவாதீர்கள். பிசிறு அடிமுதல் முனைவரை முழுதும் எழும்வரை பக்கத்தை மாற்றாதீர்கள். புதியவர்களின் கத்தி கூர் ஏறாததற்குப் பத்தில் ஒன்பது தடவை காரணம் இந்த அவசரம்தான்.

பிசிறு எழுந்ததும் மறுபக்கம் அதேபோல். பிறகு பக்கத்துக்கு ஐந்து, மூன்று, ஒன்று என்று அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைசியாகப் பழைய தமிழ் முரசு நாளிதழை நான்காய் மடித்துக் கல்மேல் விரித்து, முதுகை முன்னால் விட்டு, வாய் பின்னால் வரும்படி பத்து முறை இழுங்கள். ஒட்டியிருக்கும் பிசிறு உதிரும். பழுத்த தக்காளியின் தோலில் அலகைச் சும்மா வைத்து இழுத்துப் பாருங்கள். அழுத்தாமலே இறங்கினால் போதும், கழுவித் துடைத்து எண்ணெய் இட்டு மூடுங்கள்.